நீலம் அடிக்காத தீபாவளி மலர்

செவல்குளத்தில் பிள்ளைகள் 'அம்மா' சொல்லப் பழகுவதற்கு முன்னாடியே 'உரசாதே' சொல்லப் பழகிவிடும். வீட்டுக்கு ஒரு ஆள் தீப்பெட்டி ஆபீசுக்கோ வெடி ஆபீசுக்கோ போகிற ஊர் அது. ஆணி அடித்த செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லி, வளையலை உருவச் சொல்லி, தூணில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பில் ஒளிந்திருக்கிற நெருப்பை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். நெருப்பை விற்றுத் தின்கிறவர்கள் என்பதால், நெருப்போடு எப்படிப் பேசுவது, எவ்வளவு தள்ளி நிற்பது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அதனால்தான், புரட்டாசியில் பிடித்த மழை இருபத்தொரு நாளாக விடாத அந்த ஐப்பசியில், ஆயுத பூசைக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில், கொழுந்தாசுரன் சவுந்தரபாண்டி அண்ணாச்சியின் அச்சாபீஸ் கதவைத் திறந்துகொண்டு கீழ பஜாரில் இறங்கி நடந்தபோது யாரும் ஓடவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தலையை நீட்டி, "ஏய், நடுவால நட, ரெண்டு பக்கமும் ஓலைக் கொட்டகை இருக்கு" என்றார். அவனும் நடுவால நடந்தான். மழை அவன் மேல் விழுந்து, விழுந்த இடத்திலேயே ஆவியாகி மறுபடி மேலே போனது.

கொழுந்தாசுரன் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கே பனி பெய்கிற தேசத்துச் சனங்கள் பழைய காலத்தில் சொன்ன கதையாம்: உலகம் முடிகிற நாளில் தெற்கே நெருப்புச் சீமையிலிருந்து ஒரு ராட்சசன் எரிகிற வாளோடு புறப்பட்டு வருவான், மரம் மட்டை, சாமி சனம் ஒன்று விடாமல் கொளுத்திவிட்டுப் போவான் என்று. அந்தக் கதையை எங்கோ யாரோ படம் போட்டார்கள், அந்தப் படத்தைப் பார்த்து அண்ணாச்சி நம் ஊரிலேயே ஒரு படக்கதைப் புத்தகம் ஆரம்பித்தார். அதில் வில்லன் கொழுந்தாசுரன், அவனை அடக்குகிறவன் நீலவீரன், தலையிலிருந்து கால்வரை நீலக் கவசம். இருபத்திரண்டு வருசத்தில் நாற்பத்தோரு புத்தகம். நாற்பத்தொன்றிலும் முதல் பக்கத்தில் கொழுந்தாசுரன் சபதம் போடுவான், அறுபத்து நாலாம் பக்கத்தில் நீலவீரன் அவனைப் பள்ளத்தில் தள்ளி மூடுவான். "தெக்கத்தி ஆளை மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் குழில தள்ளுதாக?" என்று புத்தகம் மடிக்கிற எங்களுக்குள்ளே ஒரு வருத்தம் உண்டு. கேட்டால், "கதைன்னா அப்படித்தான்" என்பார் அண்ணாச்சி.

அவன் எப்படி வெளியே வந்தான் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் மெஷின் ஒரு சமயத்தில் ஒரு கலர்தான் அடிக்கும். முதல் நாள் மஞ்சள், அது காய்ந்தபிறகு அதே தாளில் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியாகக் கறுப்பு. உருவத்துக்கு ஓரக்கோடு போடுவதும், பேச்சு எழுத்து விழுவதும் அந்தக் கறுப்பில்தான். தீபாவளி மலர் தாமதமாகிவிட்டது என்று மெஷின்மேன் இருளப்பன் பூசைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக மஞ்சளையும் சிவப்பையும் ஓட்டிவிட்டான். அதற்குள் அண்ணாச்சி வந்து மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். மற்ற ஊர்களில் விஜயதசமிக்கே சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள். அண்ணாச்சியின் அப்பாவுக்கு ஒரு விஜயதசமியில் மெஷினில் விரல் போனதிலிருந்து இந்த ஆபீசில் பொட்டு வைத்தால் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, அந்த வருசக் கணக்கில் புதன்கிழமை நல்ல நேரத்தில்தான் தொடவேண்டும். பூசைக்கு முன்னால் பாதி வேலையைத் தாளில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் பழக்கம்தான். அதை இருளப்பன் மறந்தான்.

நீலம் விழாத தாளில் நீலவீரன் இல்லை. கறுப்பு விழாத தாளில் ஓரக்கோடு இல்லை. மஞ்சளும் சிவப்புமாகவே பிறந்த ஒருத்தன் மட்டும் முழுசாக இருந்தான். எதிரே எதிரி இல்லை, சுற்றிலும் வேலி இல்லை. ஐயாயிரம் தாளில் இருந்த ஐயாயிரம் கொழுந்தாசுரன்களும் ஒருத்தன் மேல் ஒருத்தனாகப் படிந்து, மூன்று ஆள் உயரத்துக்கு ஒரே ஆளாகத் திரண்டு எழுந்துவிட்டார்கள். அடுக்கி வைத்த தாளில் எல்லாம் அவன் நின்ற இடம் வெள்ளையாகக் கிடந்தது.

அவனை முதலில் பார்த்தது முத்துக்கிளி. பேசுகிறவர் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம் விட்டு அதில் பேச்சை எழுதியிருப்பார்களே, பலூன் என்போம், அந்த எழுத்தை எழுதுகிறவள். இருபத்திரண்டு வருசமாகக் கொழுந்தாசுரனின் வாய் அவள் கைதான். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசில் நடந்த விபத்தில் அவளுடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின. அன்றையிலிருந்து இன்றுவரை, அதாவது முப்பது வருசம், அவள் அடுப்பு பற்றவைத்ததில்லை, விளக்கு ஏற்றியதில்லை. தங்கச்சி வடிவுதான் சமைப்பாள். வடிவு வெடி ஆபீசில் ஓவர்டைம் பார்க்கிற நாளில் இரண்டு பேருக்கும் பழைய சோறு.

திங்கட்கிழமை காலையில், பூசைப் பொரியில் தன் பங்கை எடுக்க மறந்துவிட்டோமே என்று முத்துக்கிளி ஆபீசுக்கு வந்தாள். உள்ளே தாள்கட்டின் மேல் கொழுந்தாசுரன் உட்கார்ந்திருந்தான். அவன் சுட்டான், ஆனால் பற்றவில்லை. வெயிலில் காய்ந்த சுவர் மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான். தலைக்கு மேலே நெல் புடைக்கிற சுளகு அகலத்துக்கு ஒரு பலூன் வெறுமையாக மிதந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்தான்.

வெறும் பலூனைக் கண்டால் முத்துக்கிளிக்குக் கை சும்மா இருக்காது. மேசையிலிருந்த பிரஷ்ஷை எடுத்தாள், பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சொட்டு மையைத் தொட்டாள், எட்டிநின்று, நீட்டிய கையை நடுங்காமல் பிடித்து, அந்தப் புத்தகத்து முதல் பக்கத்தில் அவனுக்கு என்ன பேச்சோ அதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்து ஆச்சரியக்குறியின் புள்ளியை வைத்தாளோ இல்லையோ, ஆபீஸ் ஓடு அத்தனையும் அதிர அவன் பேசினான்:

"அற்பப் பதர்களே! நாளை உச்சிப்பொழுதில் இந்தப் பட்டணம் சாம்பல் மேடாகும்! இது என் சபதம்!"

இருபத்திரண்டு வருசமாக எழுதியவள், அதை ஒருதரம்கூடக் காதால் கேட்டதில்லை. கேட்டதும் பிரஷ் கீழே விழுந்தது. இந்தப் பட்டணம் என்றால் செவல்குளம். செவல்குளம் என்றால் வடிவு.

டீக்கடையில் கூட்டம் கூடியது. அண்ணாச்சி வந்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் கையமர்த்தினார். "பதறாதீக. இவன் நாப்பத்தோரு தடவை இதைத்தான் சொல்லியிருக்கான். நாப்பத்தோரு தடவையும் தோத்துத்தான் போயிருக்கான்."

"யாருகிட்ட தோத்தான் அண்ணாச்சி?" என்றான் இருளப்பன்.

"நீலவீரன்கிட்ட."

"நீலம் இன்னும் அடிக்கலையே."

டீக்கடைக்காரர் டீயைக் கிளாசுக்கு வெளியே ஆற்றினார். அப்புறம் ஆளாளுக்கு, "ஓட்டுங்க மெஷினை, நீலத்தைப் போடுங்க" என்று கத்தினார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று, "பொட்டு வச்சாச்சு. புதன்கிழமை ஒம்பது மணிக்கு முன்ன சக்கரம் சுத்தாது. எங்கப்பா விரலை எண்ணிப் பாத்தவன் நான்" என்றார். சபதமோ செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு. அண்ணாச்சி ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்குத் தெரியும், ஆகையால் அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "சரி, அதுவரைக்கும் இவனை எங்க உக்கார வைக்க?" என்ற பேச்சு வந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைத்தார்கள். வழியில் வெடி ஆபீஸ் வாசல் வந்தது; வாட்ச்மேன் பூவையா குடையோடு ஓடிவந்து வழியை மறித்தார். "பீடி, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். யாரைப் பார்த்தாலும் அதைக் கேட்டு அவருக்குப் பழக்கம். கொழுந்தாசுரன் இல்லையென்று தலையாட்டினான். "பூட்ஸைக் கழட்டு." கழற்றினான். "தகட்டில் கையை வை." வைத்தான். செம்புத் தகடு சிவந்து, பழுத்து, அவனுடைய ஐந்து விரலும் அதில் பதிந்துபோயின. பூவையா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "உனக்கு உள்ளே அனுமதி இல்லை. மைதானம் அங்கிட்டு" என்று கைகாட்டினார்.

இருபத்தொரு நாள் மழையில் ஊரே ஊறிப்போய்க் கிடந்தது. தீக்குச்சி காயவில்லை, ராக்கெட் குழாய் காயவில்லை, பிள்ளைகளின் பாவாடை சட்டை காயவில்லை. ஒரு பெண்பிள்ளை போய் அவனுக்குப் பத்தடி தள்ளி ஒரு பாயை விரித்து மருந்து முக்காத வெறும் குச்சியைப் பரப்பினாள். கால்மணி நேரத்தில் குச்சி கலகலவென்று காய்ந்தது. அவ்வளவுதான், மைதானம் நிறைந்துவிட்டது. குச்சிப் பாய், குழாய்க் கட்டு, மெத்தை, தலையணை, அப்பளம், நெல், நனைந்த நோட்டுப் புத்தகம், பூவையாவின் ஒரே காக்கிச் சட்டை. "ஏய் அசையாத, அப்பளம் கருகுது" என்று ஒருத்தி அதட்டினால் அவன் மூச்சை அடக்கிக்கொள்வான். "இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பேன், எங்க மெத்தை மட்டும் பாவம் செஞ்சுதா?" என்று இன்னொருத்தி கேட்டால் திரும்பி உட்காருவான். நாளைக்கு ஊரைக் கொளுத்தப்போகிறவனை இன்றைக்கு வேலை வாங்காமல் விடுவானேன் என்பதுதான் எங்கள் ஊர் நியாயம்.

முத்துக்கிளி மட்டும் சும்மா இருக்கவில்லை. எழுத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எழுதினதை அடித்து எழுத மாட்டார்கள். தப்பு வந்தால் அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ஒட்டின தாளில் புதுசாக எழுதுவார்கள். அவள் மைதா பசை காய்ச்சச் சொல்லி, பென்சிலால் எழுதின ஒட்டு ஒன்றை அவன் பலூனில் ஒட்டினாள். "வாங்க! இருங்க!" என்று இடி மாதிரி சொன்னான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "சாப்பிட்டீகளா?" என்று ஒட்டினாள். தெருத் தெருவாக அது கேட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்கூட, "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொன்னார்கள். ஆனால் அவன் சூட்டுக்கு மைதா பசை எம்மாத்திரம்? அரைமணி நேரத்தில் ஒட்டு காய்ந்து, சுருண்டு, உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் அடியிலிருந்து பழைய எழுத்து எட்டிப் பார்க்கும், அவன் வாயும் தானாகத் திறந்து, "நாளை உச்சிப்பொழுதில்" என்று ஆரம்பித்துவிடும். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. வாந்தி எடுக்கிறவன் முகம் மாதிரி இருந்தது.

"யக்கா, பேசாம அந்த எழுத்தை அடிச்சிட்டு வேற எழுதுங்களேன்" என்றான் இருளப்பன்.

"எழுதினதை அடிச்சு எழுதின கை இல்லை தம்பி இது. அடிக்கணும்னாலும் மை எங்க இருக்கு? இருக்கிற ஒரே கறுப்பு டின்னும் பொட்டு வச்சுப் பூசையில இருக்கு."

பொழுது சாயும்போது எல்லாரும் காய்ந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். முத்துக்கிளி அன்றைக்குக் கடைசி ஒட்டை ஒட்டிவிட்டு, முப்பது வருசத்தில் முதல் தடவையாக ஒரு நெருப்புக்குப் பக்கத்தில் நாலடி தூரத்தில் நின்று, "உனக்கா என்னய்யா பேசணும்? நான் எழுதினதைத் தவிர உனக்குன்னு ஒண்ணு இருக்குமில்ல?" என்று கேட்டாள். அவன் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தன் இடது கையைத் தூக்கினான். ஐந்து விரலும் ஐந்து கொழுந்தாக எரிந்தன. சுண்டுவிரல் கொழுந்தையும் மோதிரவிரல் கொழுந்தையும் ஒன்றாகச் சேர்த்து, அவள் கை மாதிரியே வைத்துக்கொண்டு, அவளிடம் காட்டினான். முத்துக்கிளி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வடிவு சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் இறங்கினாள். முத்துக்கிளி குறுக்கே நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதடி."

"தீவாளிக்குப் பத்தொம்பது நாள் இருக்கு, இப்பப் போய் லீவா? சாமியே வந்து கேட்டாலும் ஃபோர்மேன் தரமாட்டான்."

"அவன் பன்னெண்டு மணிங்கான்டி."

"யாரு, உன் ஆளா? எழுதிக் குடுத்தது நீயி, பயப்படுறது நானா?" வடிவு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னபிறகு அக்காளின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆவாதுக்கா. உள்ள வரவிடாம பூவையா அண்ணன் இருக்காக. மத்தியானம் பழைய சோத்தைத் தின்னு, சாயங்காலம் ரசம் வைக்கேன்."

அன்றைக்குக் காலையில் மழை விட்டது. கொழுந்தாசுரன் வாளை மடியில் இறுக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவில் குன்றி உட்கார்ந்திருந்தான். ஒரு குச்சியைக்கூட அவன் தொடவில்லை, இதற்கு நாங்கள் அத்தனை பேரும் சாட்சி. செய்தது ஈரம். வெடி மருந்து ஈரத்தில் கிடந்தால் தானாகவே உள்ளுக்குள் வெந்து சூடேறும் என்பது எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். இருபத்தொரு நாளாகப் புழுங்கிக் கிடந்த மருந்து பதினொன்றே முக்கால் மணிக்கு வெடி ஆபீசின் முதல் கொட்டகையில், செட் என்போம், புகைந்தது. பிறகு இரண்டாவது செட். பிறகு ஊர் காதைப் பொத்திக்கொண்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாசல் பக்கத்துக் கட்டடம் எல்லாம் நெருப்பாக நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் முதல் புகையிலேயே வெளியே ஓடிவந்துவிட்டார்கள். கடைசியில், பின்சுவருக்கும் நெருப்புக்கும் நடுவில், பெட்டி அடைக்கிற செட்டில் முப்பத்தோரு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். பின்சுவர் பன்னிரண்டு அடி. வேலைக்கு வந்த யாரும் ஏறித் தப்பித்து வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று கட்டின சுவர். புகைக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும், "யக்கோவ்!" என்று வந்தது. வடிவின் குரல்.

அத்தனை பேரும் ஒரேமட்டாக மைதானத்தைத் திரும்பிப் பார்த்தோம். கொழுந்தாசுரன் எழுந்து நின்றான். பலூனில் அரைமணிக்கு முன்னால் முத்துக்கிளி ஒட்டின ஒட்டு சுருள ஆரம்பித்திருந்தது. அது உதிர்ந்து, பன்னிரண்டு மணிக்கு அவன் அந்தச் சபதத்தைக் கடைசியாக ஒருதரம் சொன்னால், அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட நெருப்பு ஊரில் ஒரு ஓலையை மிச்சம் வைக்காது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் சொல் முட்டிக்கொண்டு நின்றது.

முத்துக்கிளி அச்சாபீசுக்கு ஓடினாள். பூசை மேசையில் கறுப்பு மை டின், சந்தனமும் குங்குமமுமாக, செவ்வந்திப் பூ சூடி உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தூக்கினாள். வாசலில் அண்ணாச்சி நின்றார்.

"அண்ணாச்சி, உள்ள முப்பத்தோரு பேரு."

அண்ணாச்சி டின்னை வாங்கினார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பொட்டு அழிய அழிய, மூடியை அவரே நெம்பித் திறந்து கொடுத்தார்.

மைதானத்தில் கொழுந்தாசுரன் அவளைக் கண்டதும் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தான். நாலடி தள்ளி நின்று நீட்டி எழுதுகிற வேலையில்லை இது. உள்ளே போக வேண்டும். ஒட்டிப்போன விரல்களில் டின்னின் வளையத்தை மாட்டிக்கொண்டு, வலது கையில் பிரஷ்ஷோடு, முத்துக்கிளி அந்தச் சூட்டுக்குள் நடந்தாள். முன்மயிர் பொசுங்கியது. முந்தானை ஓரம் பொசுங்கியது. ஒன்பது வயதில் கேட்ட சத்தம் எல்லாம் மறுபடி காதுக்குள் கேட்டது. ஒட்டு உதிர்ந்து விழுந்தது. அடியில் இருந்த தன் சொந்தக் கையெழுத்தின் மேல், அழகாக, வரிசை பிசகாமல், இருபத்திரண்டு வருசச் சம்பளம் வாங்கின எழுத்தின் மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும் ஒரே இழுப்பாகக் கோடு இழுத்து அடித்தாள்.

என்ன எழுதுவது? படக்கதைத் தமிழ் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. மழை விட்ட சாயங்காலங்களில் எங்கள் தெருவில் தாய்மார்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்களே, அதுதான் வந்தது. அதை எழுதினாள்.

கொழுந்தாசுரன் வாயிலிருந்து கையை எடுத்தான். அவன் குரல் முந்தைய நாள் மாதிரி இடிக்கவில்லை. தெரு முக்குவரை கேட்கிற, கோபமும் ஆசையும் கலந்த குரலாக இருந்தது.

"ஏ பிள்ளைகளா! விளையாண்டது போதும், வீட்டுக்கு வாங்க!"

நெருப்பு திரும்பிப் பார்த்தது. அதற்கு முகம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், திரும்பிப் பார்த்தது. முதலில் ஒரு சின்னக் கொழுந்து கூரையிலிருந்து குதித்து, மண்ணைத் தட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து ஓடிவந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் செட்டுச் செட்டாக, சுவர் சுவராக, ஆகாசத்தில் பாதி ஏறின ராக்கெட் அங்கேயே வளைந்து திரும்பி, தரைச்சக்கரம் உருண்டு உருண்டு, பூச்சட்டி எழும்பி எழும்பி, சரவெடி வரிசை கலையாமல் படபடவென்று பேசிக்கொண்டே, எல்லாம் அவன்மேல் ஏறின. தோளில் தொற்றின, கழுத்தைக் கட்டிக்கொண்டன, மடியில் இடம் பிடிக்க ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. கூப்பிட்டது பொதுவாகக் கூப்பிட்டது என்பதால் டீக்கடை அடுப்பும் வந்தது, அம்மன் கோயில் கற்பூரமும் வந்தது, மூன்று மைல் தள்ளி எவனோ இழுத்துக்கொண்டிருந்த பீடியின் நுனிகூட வந்து சேர்ந்தது.

வெடி ஆபீசில் நெருப்பு நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை, ஈரச் சுவரும் வெளிச்சமும்தான். பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வாசல் வழியாக நடந்து வந்தார்கள். பூவையா வாசலில் நின்று விரலை மடக்கி எண்ணினார். இருபத்தொன்பது. முப்பது. அப்புறம் யாரும் வரவில்லை. முத்துக்கிளி பூவையாவின் மடக்கின விரலை மறுபடி எண்ணினாள். அதற்கப்புறம் வடிவு வந்தாள், கையில் தூக்கோடு.

"தூக்கை எடுக்கவா இவ்வளவு நேரம்?" என்று முத்துக்கிளி கத்தினாள்.

"புதுத் தூக்குக்கா" என்றாள் வடிவு. அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

ஆனால் அத்தனை நெருப்பையும் வாங்கிக்கொண்டவன் இப்போது தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு நின்றான். ஓரக்கோடு இல்லாத உடம்பு. எங்கே முடிகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வழிந்துவிடாமல் இருக்க நடுங்கி நடுங்கி அடக்கிக்கொண்டிருந்தான். அவன் கண் முத்துக்கிளியைத் தேடியது.

"கறுப்பு ஓட்டணும்" என்றான் இருளப்பன். "கறுப்பு விழுந்தாத்தான் இவன் நிப்பான்."

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார், மெஷின் நெற்றியிலிருந்த சந்தனப் பொட்டைத் துடைத்தார். "நல்ல நேரம் வந்தாச்சு" என்றார். "முதல்ல நீலத்தைப் போட்டுட்டு..."

"நீலம் வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் முத்துக்கிளி. அந்தக் குரலை அவளிடம் நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. "இவனை இன்னொரு தடவை குழில தள்ள நான் எழுத மாட்டேன்."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நீலம் வேண்டாம்."

கறுப்புப் பிளேட்டில், அறுபத்து நாலாம் பக்கத்துப் பலூனை முத்துக்கிளி சுரண்டி எடுத்துவிட்டு, மைதானத்தில் எழுதினதையே தன் கையால் அதில் எழுதினாள். வெடித்த வெடியில் கரண்ட் போய்விட்டது. முப்பத்தோரு பெண்களும், புகைபடிந்த முகத்தோடு, வளையல் இல்லாத கையோடு, மெஷினின் பெரிய சக்கரத்தை நாலு நாலு பேராக மாற்றி மாற்றிப் பிடித்துத் தள்ளினார்கள். குலவை போட்டுக்கொண்டே தள்ளினார்கள். ஒவ்வொரு தாள் விழும்போதும் வெளியே கொழுந்தாசுரனின் கால் விரலிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மேலே ஏறியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கோலம் போடுகிற கை மாதிரி அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டே போனது. அவன் குறுகக் குறுக நடுக்கம் நின்றது. தாளில் வெள்ளையாகக் கிடந்த இடம் எல்லாம் ஒன்றொன்றாக நிறைந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் ஐயாயிரமாவது தாள் விழுந்தது. கோடு அவன் தலை உச்சியில் வந்து கூடியது. மைதானத்தில் யாரும் இல்லை, இரண்டு பூட்ஸ் மட்டும் வெடி ஆபீஸ் வாசலில் அவன் கழற்றிவைத்தபடி இருந்தது.

அந்தத் தீபாவளி மலர் நீலம் அடிக்காமலே கடைக்குப் போயிற்று. நீலவீரன் அதில் வெறும் கோடாக, இப்போதுதான் குளித்துவிட்டு வேட்டி கட்டினவன் மாதிரி வெள்ளையாக, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் கொழுந்தாசுரன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டுத்தான் பாதிக் கடிதம். அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரே பதில் போட்டார்: "அவர் அப்படித்தான் சொன்னார்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி இருக்கிறது, அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். கடைசிப் பக்கத்தைத் தொட்டால் இன்றைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். எங்காவது ஒரு பொறி தெறித்தால் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை விரித்து, பலூனில் இருப்பதைச் சத்தமாக வாசிப்போம். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம். பொறி வீட்டுக்குத் திரும்பிவிடும். அதற்குப்பிறகு செவல்குளத்தில் நெருப்புக்கு ஓர் ஆள் போனதில்லை.

அந்த வருசம் தீபாவளிக்கு விடியற்காலையிலேயே தெருவே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காத்து நின்றது, யாரும் முதல் வெடியைப் போடவில்லை. முத்துக்கிளி புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் மலர், ஒரு கையில் சரவெடி. கடைசிப் பக்கத்தை விரித்து, வெடியின் திரியைத் தாளுக்குப் பக்கத்தில் நீட்டினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா, இன்னும் பயமா?" என்றாள் வடிவு.

"பயம்தான் இருக்கு. இருந்துட்டுப் போகுது" என்றாள் முத்துக்கிளி.

தாளுக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக நீண்டது. ஓரக்கோடு போட்ட கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்த அந்தக் கை, திரியின் நுனியைத் தொட்டும் தொடாமலும் தொட்டது. அவள் வெடியைத் தெரு நடுவில் எறிந்தாள், காதைப் பொத்தாமல் நின்றாள், அந்த ஆயிரம் வெடியும் வெடித்துத் தீருகிறவரைக்கும் தெருவிலேயே உரக்கச் சிரித்தவள் அவள்தான்.